மரம் இல்லை என்று எழுதியவள்

என் தங்கை மகன் கார்த்திக் கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறான். நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்போது அங்கே போய்த்தான் டாக்டராகிறார்கள். பனியில் மூக்கு சிவந்து, ரொட்டியைத் தின்று இளைத்து, லீவுக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய சோறு கேட்கிறார்கள். இந்தத் தடவை வந்தவன் எனக்கு ஒரு துணிப்பை நிறைய அக்ரூட் கொண்டுவந்தான். ஓட்டோடு.

"கடையில வாங்குனது இல்ல பெரியம்மா, காட்டுலயே பொறுக்குனது" என்றான் பெருமையாக.

எனக்கு மிச்சம் இருப்பது பாதிப் பல். கதவிடுக்கில் வைத்து நசுக்கினேன். கீல் ஆடிப்போனது, பருப்பு தூளாகிப்போனது. விட மனசில்லாமல் தூளை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். லேசாகக் கசந்தது. அந்தக் கசப்பு நாக்கில் இருக்கும்போதே அவன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டிப் படம் காட்ட ஆரம்பித்துவிட்டான்.

காலேஜில் கூட்டிக்கொண்டு போனார்களாம். சுற்றிலும் பனி மூடிய மலை, நடுவே பள்ளத்தாக்கு, அது முழுக்க அக்ரூட் மரம். எத்தனை காலத்துக் காடு என்று அந்த ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாதாம். காய் உதிர்கிற பருவத்தில் குடும்பம் குடும்பமாகக் குழந்தை குட்டிகளோடு வந்து கூடாரம் போட்டுப் பொறுக்குவார்களாம். ஒரு படத்தில் இவன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். கை பாதிதான் எட்டியிருக்கிறது. அவன் தலைக்கு மேலே அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண்.

"இது என்னடா நம்பர்?"

"எல்லா மரத்துக்கும் இருக்கு பெரியம்மா. எந்த மரத்துல எந்தக் குடும்பம் பொறுக்கணும்னு கணக்கு. ஆபீஸ்ல ரிஜிஸ்டர் இருக்குதாம். ஒருத்தன் மரத்த இன்னொருத்தன் தொட முடியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போதும், போனை வைடா" என்றேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியம்மாவுக்குக் கண் வலி என்று நினைத்திருப்பான். போனைப் பையில் போட்டுக்கொண்டே, "நம்ம ஊர்ப் பக்கம் இந்த மாதிரி பழைய காடு எதுவும் இல்லையா பெரியம்மா? நீங்கதான தாசில்தாரா இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டான்.

"இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போய்விட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவனிடம் அப்போது சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்குச் சொந்தமும் இல்லை, என்னிடம் மனுக் கொடுத்தவரும் இல்லை. உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு முதல் போஸ்டிங் நார்த்தாமலைக்கு அங்கிட்டு, இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்தில், வி.ஏ.ஓ.வாக. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும். கோழைத்தனம்தான். முப்பத்தைந்து வருஷம் ரெவின்யூ டிபார்ட்மெண்டில் இருந்தவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

ஆபீஸ் என்பது ரேஷன் கடையை ஒட்டி ஓர் அறை. சுவரெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. நாற்காலிக்கு மூன்று கால்தான், நாலாவது காலுக்குச் செங்கல். அதில் கஞ்சி போட்ட காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு இருபத்து நாலு வயதில் உட்கார்ந்தால் மனசுக்குள் கலெக்டர் என்று நினைப்பு. காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் சாயங்காலம்தான் அடுத்த பஸ். மத்தியானம் நான் சாப்பிடும் நேரம் பார்த்துப் பஞ்சவர்ணம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அந்த ஊர் அய்யனார் கோயில் பூசாரி வேளாரின் மருமகள். என் வயதுதான். புருஷன் மலேசியாவில் பெயிண்டர். எட்டாவதுவரை படித்தவள், அதனால் என் மேஜையில் கிடக்கிற எதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்குனி வெயிலிலும் தொண்டையில் இறங்கும்போது ஜில்லென்று இருக்கும். புதுக்கோட்டை மண்ணில் தண்ணீர் என்றாலே உப்புக் கரிப்பது அல்லது செம்மண் கலங்கியது என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

"எங்கிட்டு எடுத்த தண்ணி பஞ்சவர்ணம்?"

"எங்க ஊத்தும்மா. காட்டுக்குள்ள இருக்கு. செருப்பக் கழட்டிப்புட்டு வந்தீங்கன்னா காட்டுறேன்."

நீங்கள் இந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தைல மரம், நடுவே கொஞ்சம் முந்திரி, திரும்பவும் தைல மரம். காடு என்றால் அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். பஞ்சவர்ணத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு, காட்டு முகப்பில் நட்டிருந்த எல்லைக் கல்லைத் தாண்டியதும் சட்டென்று வெயில் நின்றுபோனது. இரண்டு குன்றிலும் பெய்கிற மழை வழிந்து வந்து சேர்கிற பள்ளம் அது. பள்ளம் முழுக்கப் பாலை மரம். உலக்கை கடைவார்களே, அந்தப் பாலை. அடிமரம் முறுக்கிக்கொண்டு, தோல் கருத்து வெடித்து, சிலது உள்ளே பொந்தாகி, ஒரு பொந்துக்குள் ஆட்டுக்குட்டி ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நடுவில் பாறைக்கடியில் கசிகிற ஊற்று.

"யாரு வச்ச மரம் இதெல்லாம்?" என்று கேட்டேன். கேட்டதும் பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். "யாரும்மா வச்சா? மொதல்ல மரம் இருந்துச்சு. அப்பறம் சாமி வந்துச்சு. அப்பறந்தான் நாங்க வந்தோம்." நார்த்தாமலை மேலே நிற்கிற சோழர் காலத்துக் கோயிலைவிட இந்த மரங்கள் மூத்தவை என்று அவள் மாமனார் அடித்துச் சொல்வார். ஆதாரம் கேட்டால் முறைப்பார்.

அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளி வெளியே போகக் கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும். பழம் பறிக்கக் கூடாது, உதிர்ந்ததைப் பொறுக்கலாம், ஆனால் அங்கேயே தின்றுவிட்டுக் கொட்டையை அங்கேயே துப்பிவிட்டு வர வேண்டும். பாலைப்பழம் தின்றிருக்கிறீர்களா? வேப்பம்பழம் அளவுதான் இருக்கும், மஞ்சளாக. தித்திப்பு அப்படி ஒரு தித்திப்பு. ஆனால் பால் இருக்கும். நாலு தின்றால் உதடு ஒட்டும், பத்து தின்றால் வாயைத் திறக்க முடியாது. நானும் பஞ்சவர்ணமும் ஓர் ஆனி மாதம் போட்டி போட்டுத் தின்றுவிட்டு, இரண்டு பேரும் பேச முடியாமல் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தோம். அன்றைக்கு ஜாதிச் சான்றிதழ் கேட்டு வந்த ஆளுக்கு நான் சைகையிலேயே பதில் சொன்னேன். வி.ஏ.ஓ. அம்மாவுக்குத் திமிர் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருஷம் மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. புறம்போக்கு நிலத்தில் நிற்கிற மரங்களை எல்லாம் எண்ணி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, ஜமாபந்திக்குள், அதாவது வருஷக் கணக்குத் தணிக்கைக்குள், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் கொடுத்துவிட்டார்கள். கவர்மெண்ட் கணக்கில் அந்தக் கோயில் காடும் புறம்போக்குதான். தலையாரி சின்னையாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எல்லைக் கல்லில் செருப்பைக் கழற்றும்போதே பூசாரி வேளார் எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன தாயி, சாயமெல்லாம் தூக்கிக்கிட்டு?"

"மரத்துக்கு நம்பர் போடணுங்க. கவர்மெண்ட் உத்தரவு."

"போடப்புடாது."

"சரி, பெயிண்ட் வேண்டாம். எண்ணிட்டு மட்டும் போறேன்."

"அதத்தான் கூடாதுங்குறேன். சாமி மரத்த எண்ணப்புடாது தாயி. எண்ணுனா கொறஞ்சு போகும்."

சிரிக்காதீர்கள். என் அம்மா எங்கள் தட்டில் வைக்கிற இட்லியை ஒருநாளும் எண்ண மாட்டாள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "சாமி குடுத்தது இருக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். எங்கள் வீட்டுக் களத்தில் நெல் அளக்கிறபோது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேளார் சொன்னது விநோதமாகப் படவில்லை. என் பக்கத்தில் நின்ற சின்னையாவோ பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தே விட்டான். "நான் மாட்டேம்மா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

போய் என் மேலதிகாரி ஆர்.ஐ.யிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். "எண்ணலன்னா என்னம்மா இப்ப? ஆனா எடத்தக் காலியா விட்டுறாதீங்க. காலியா இருந்தா ஜமாபந்தியில கேள்வி வரும். மரம் இல்லை, புதர்னு எழுதுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

எண்ண முடியவில்லை, ஊரார் தடுத்தார்கள் என்று எழுதியிருக்கலாம். அதுதான் உண்மை. உண்மையை எழுதினால் விளக்கம் கேட்பார்கள், விளக்கத்துக்கு இன்னொரு விளக்கம் கேட்பார்கள். நான் என் அழகான கையெழுத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, "மரம்: இல்லை. புதர் மண்டிய நிலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷ ஜமாபந்தியில் என் பதிவேடுகள் சுத்தமாக இருக்கின்றன என்று பாராட்டினார்கள். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊரில் செய்தி பரவியது. வி.ஏ.ஓ. அம்மா சாமி மரத்தை எண்ணாமல் விட்டுவிட்டார். அந்த வருஷப் பொங்கல் படையலில் முதல் எலை எனக்கு. ஊரே பார்க்க வேளார் என் நெற்றியில் திருநீறு பூசி, "கவர்மெண்டையே கல்லுக்கு அங்கிட்டு நிப்பாட்டுன புள்ள" என்றார். கிழவிகள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். நானும் ஏதோ சாதித்துவிட்டவளைப் போல உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலைத் தின்றேன். பஞ்சவர்ணம் மட்டும் எலையில் பொங்கல் வைத்துக்கொண்டே குனிந்து கேட்டாள்.

"அப்ப ஒங்க நோட்டுல எங்க காடு என்னன்னும்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னு இருக்கு. அதுதான் நல்லது. இல்லாத மரத்த எவன் வந்து வெட்டுவான்?"

"இருக்குறத இல்லன்னு எழுதலாமாம்மா?"

"அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், ஒனக்குப் புரியாது" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அந்த ஊரில் அன்றைக்குப் புரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அப்புறம் மாற்றல். பொன்னமராவதி, அங்கிருந்து திருவரங்குளம் பக்கம், அப்புறம் தாலுகா ஆபீசில் அசிஸ்டெண்ட். நாற்காலிக்கு நாலு காலும் வந்தது, மேலே ஃபேன் வந்தது, உடம்பும் வந்தது. பரீட்சைகள் எழுதினேன். துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஏறியிருக்கிறது என்று காற்றுவாக்கில் காதில் விழுந்த சமயம் அது. பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று காலை, பஞ்சவர்ணம் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். சேலைக் கரையெல்லாம் செம்மண். தலை சீவவில்லை.

"மூணு நாள்ல முடிச்சுட்டாங்கம்மா" என்றாள்.

அந்தக் குன்றுகளைக் குடைந்து கல்லெடுக்க ஒரு கம்பெனிக்காரர்கள் அனுமதி வாங்கியிருந்தார்கள். குவாரிக்குப் பள்ளத்தில்தான் வழி, கல் வெட்டத் தொடங்குவதும் பள்ளத்தில்தான். அனுமதி கொடுத்த காகிதத்தில் அந்த இடம் "புதர் மண்டிய நிலம்". ஆபீஸ் எல்லாம் பூட்டிக் கிடந்த பொங்கல் நாட்களில் மூன்று பொக்லைனைக் கொண்டுவந்து இறக்கி, அடியோடு சாய்த்து, லாரியில் ஏற்றி, மேலே கிராவல் மண்ணைத் தள்ளி நிரவிவிட்டார்கள். அய்யனாரைச் சுற்றி நின்ற மூன்று மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். சாமி பயம்.

அழுது முடித்துவிட்டுப் பஞ்சவர்ணம் நிமிர்ந்து சொன்னாள்: "ஆனா வேரு இருக்கும்மா. மண்ணத்தான் மேல தள்ளியிருக்காங்க, இன்னும் தோண்டல. பாலை வேர்ல தழைக்கும். அப்படியே விட்டா நாலு மழையில குருத்து வந்துரும். ஊத்தும் இன்னும் சாகல, பாறைக்கடியில கசியிது. தோண்டாம மட்டும் நிறுத்திக் குடுங்கம்மா."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஊர்ப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். மனுவை எழுதிக் கொடுத்தது நான்தான், ரகசியமாக, வேறு ஆள் கையெழுத்து மாதிரி. எங்கள் தாலுகா ஆபீசிலேயே விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். அங்கே மரம் நின்றது என்று நிரூபித்தால் அனுமதி ரத்தாகும், வேரும் ஊற்றும் பிழைக்கும். நிரூபிக்காவிட்டால் மறுநாளே தோண்டலாம். மண்ணுக்கடியில் வேர்க்கட்டை இருக்கிறது, தோண்டிப் பாருங்கள் என்று பெண்கள் சொன்னார்கள். தோண்டிப் பார்க்க உத்தரவு போட வேண்டும் என்றால் அங்கே மரம் இருந்ததற்கு ரெக்கார்டு வேண்டும் என்று பதில் வந்தது. நம் ஆபீஸ்களின் அறிவே அறிவு.

விசாரணை நடத்திய அதிகாரி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பொறுமையாகத்தான் கேட்டார். ஓரத்தில் கம்பெனி ஆள் இரண்டு பேர், ஜன்னலோரம் ஆபீஸ் ஆள்களோடு நான். எதிரே ஊர்ப் பெண்கள் இருபது பேர், நடுவில் கம்பை ஊன்றிக்கொண்டு வேளார். திருவிழாவில் எடுத்த போட்டோ ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் அய்யனாரும் மூன்று மரமும் தெரிந்தது. "இந்த மூணும்தான் இப்பவும் நிக்குதே, கோயில் எடம் வேற சர்வே நம்பராச்சே" என்று அதிகாரி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மொத்தம் எத்தன மரம் இருந்துச்சுங்க பெரியவரே?" என்று கேட்டார்.

"நெறைய இருந்துச்சு சாமி."

"நெறையன்னா? நூறா, எரநூறா?"

வேளார் கம்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "உத்தேசமாச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார் அதிகாரி. கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். "எண்ணப்புடாது சாமி" என்றார். மரமெல்லாம் லாரி ஏறிப்போன பிறகும் எண்ணக் கூடாதாம். எனக்கு எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கம்பெனி ஆள்களில் ஒருவன் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தான். பஞ்சவர்ணம் முன்னால் வந்து, "நான் சொல்றேன் சார்" என்றாள். "வாய மூடு" என்று வேளார் கம்பைத் தரையில் ஓங்கித் தட்டினார். அவள் நின்றுவிட்டாள்.

அதிகாரி பழைய பதிவேட்டைத் திருப்பினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய என் கையெழுத்து. அவ்வளவு அழகாக, அவ்வளவு சுத்தமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நம்ம வி.ஏ.ஓ. அம்மா இருக்காங்க, சொல்லிருவாங்க என்று. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எழுதியது நான், எழுதியது பொய், அங்கே காடு நின்றது, நானே அதில் பழம் பொறுக்கித் தின்றிருக்கிறேன். அதைச் சொன்னால் பொய்ப் பதிவு போட்டதற்கு என் மேல் குற்றச்சாட்டு மெமோ வரும். மெமோ வந்தால் பட்டியலிலிருந்து பெயர் போகும். இதையெல்லாம் நான் யோசித்து முடிக்க ஆன நேரம் ஓர் எச்சில் விழுங்குகிற நேரம்தான். வாயைத் திறந்தேன்.

"ஆமா சார், என் கையெழுத்துதான்."

"நேர்ல போய்ப் பாத்துத்தானே எழுதினீங்க?"

"ரெக்கார்டுல உள்ளதுதான் சார்."

எங்கள் டிபார்ட்மெண்டில் இந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கிடையாது. அதிகாரி எழுதிக்கொண்டார். வேளார் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அங்கே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு படியிறங்கி வந்தேன். பஞ்சவர்ணம் காத்துக்கொண்டிருந்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னம்மா செய்வீங்க? எண்ண வேணாம்னு சொன்னது நாங்கதான?" என்றாள்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இருபத்து மூன்று வருஷம் ஓட்டினேன். மறுநாள் பள்ளத்தைத் தோண்டினார்கள் என்று கேள்விப்பட்டபோதும், பாறையை வெடி வைத்துப் பிளந்ததில் ஊற்று நின்றுபோயிற்று என்று சொன்னபோதும், வேளார் செத்த செய்தி வந்தபோதும், பஞ்சவர்ணமே என்னை மன்னித்துவிட்டாளே என்று நினைத்துக்கொள்வேன். துணை வட்டாட்சியர் ஆனேன், தாசில்தாரும் ஆனேன். அவள் மகனுக்கு வருமானச் சான்றிதழ், அவளுக்கு விதவைப் பென்ஷன், பட்டா மாறுதல் என்று எப்போதாவது ஆபீசுக்கு வருவாள். வரும்போதெல்லாம் முந்தானையில் முடிந்து நிலக்கடலையோ முருங்கைக்காயோ கொண்டுவருவாள். வாங்கிக்கொள்வேன். ஊரிலேயே என் மேல் உண்மையான பிரியம் உள்ளவள் இவள்தான் என்று பியூனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அக்ரூட் கொண்டுவந்த பயல் லேசில் விடவில்லை. எங்கே இருந்தது அந்தக் காடு, இப்போது என்ன இருக்கிறது என்று நச்சரித்து, கடைசியில் தன் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். போனோம். குவாரியை மூடிப் பல வருஷம் ஆகிறது. ஒரு குன்று இருக்கிறது, இன்னொரு குன்று பாதிதான் இருக்கிறது. பள்ளம் அதலபாதாளமாக, அடியில் பச்சைத் தண்ணீர். சுற்றிலும் முள்கம்பி. அய்யனாருக்குக் கம்பெனிக்காரர்கள் புண்ணியத்துக்கு டைல்ஸ் போட்டுக் கோயில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமிருந்த மூன்று பாலை மரத்துக்கும் சிமெண்ட் மேடை. கல்பொடி படிந்தோ என்னவோ, பூக்கிறதாம், காய்ப்பதில்லையாம். கார்த்திக் கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். போட்டோகூட எடுக்கவில்லை.

பஞ்சவர்ணம் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. வீட்டுக்குள் பாய் விரித்து, எலை போட்டு, தண்ணீர்க் கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றி வைத்தாள். கேன் வண்டி வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறதாம். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"பஞ்சவர்ணம், அன்னைக்கு விசாரணையில நான் ஒண்ணு சொல்லியிருக்கணும். எழுதுனது பொய்தான்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்மா."

"எப்பத் தெரியும்?"

"அங்கனயே தெரியும். பக்கத்துலதான நின்னேன்? சொல்ல வாயத் தொறந்தீங்க. அப்பறம் வேற என்னமோ சொன்னீங்க."

"அப்ப எதுக்கு வெளிய வந்து என் கையப் புடிச்சு அப்படிச் சொன்ன?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்கிற முகம்.

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? மறுநா எதுக்குன்னாலும் ஒங்க ஆபீசுக்குத்தான நாங்க கையெழுத்துக்கு வரணும்? இப்பத்தான் நீங்க ரிட்டையராயிட்டீங்களே, அதான் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கார்த்திக் பக்கம் திரும்பி, "நீ நல்லாச் சாப்புடு தம்பி" என்றாள்.

நானும் சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் மரியாதையாக இருக்காது. எலையை மடித்துவிட்டுக் கை கழுவும்போது, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லாமலே காரில் ஏறினேன். அந்தக் காடு போய் இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்குப் பஞ்சவர்ணம் என்று ஒரு சிநேகிதி இருந்தாள் என்கிற நினைப்பு போய் இன்றோடு ஒன்பது நாள்.